ஹெடர் சூட்டுக்கு ஈடுகொடுக்கும் பிளக் ஒயர்

பெட்ரோலில் ஓடும் வி8 டிரக்கின் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய ஹெடரை மாட்டினால், அதன் சூட்டில் முதலில் அடிபடுவது பிளக் ஒயர். இன்ஜின் மாறவில்லை, காயில் மாறவில்லை, பிளக்கும் மாறவில்லை. ஆனாலும் முன்பு ஆண்டுக்கணக்கில் உழைத்த அதே ஒயர் இப்போது சில வாரங்களிலேயே கருகிவிடக்கூடும். புது ஒயர் வாங்கப் போனால் கடையில் முதலில் கண்ணில் படுவது தடிமனும் நிறமும்தான். பார்க்க வேண்டிய வரிசை வேறு. பிளக்கின் தலையை மூடும் கேப் முதலில். ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பது அடுத்து. உள்ளே ஓடும் மின்கடத்தி அதற்கும் அடுத்து. தடிமன் கடைசியில்தான் வருகிறது.

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் லாரி பெரும்பாலும் டீசல் வண்டி. டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்வதால் அங்கே ஸ்பார்க் பிளக்குக்கு வேலையில்லை. இங்கே பேசப்படுவது ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் விற்ற பெட்ரோல் பிக்கப் டிரக்குகள். அவற்றில் ஹெடர் மாட்டுவது அங்கே பல பத்தாண்டுகளாக இருந்துவரும் வழக்கம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் மேனிஃபோல்ட் ஒரு கனத்த வார்ப்பு. ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் புகையும் குட்டையான ஒரே அறையில் கொட்டி, ஒரே வாய் வழியாக வெளியேறும். ஒன்றின் புகை இன்னொன்றின் வழியை மறிக்கும். ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எஃகுக் குழாய் உண்டு. குழாய்கள் கொஞ்ச தூரம் தனித்தனியே ஓடி, கலெக்டர் எனப்படும் கூட்டுக்குழாயில் சேர்கின்றன. புகை தடையின்றிப் போவதால் இன்ஜின் எளிதாக மூச்சுவிடுகிறது, இழுவை கூடுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு: சூடும் இடநெருக்கடியும்.

ஹெடர் குழாயின் சுவர் மெல்லியது. 18 கேஜ் தகட்டில் செய்தது என்றால் சுமார் 1.2 மி.மீ., 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மி.மீ. வார்ப்பிரும்பின் சுவர் இதைப்போல் பல மடங்கு கனம். டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேடேறும் பெட்ரோல் இன்ஜினின் புகை 800 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். கனத்த வார்ப்பு மெதுவாகச் சூடேறி, சூட்டை ஓரளவு தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். மெல்லிய குழாயோ சில நிமிடங்களில் கொதித்துவிடும். கொதித்ததைச் சுற்றிலும் வீசிவிடும். கலவையில் பெட்ரோல் குறைந்தாலோ, ஸ்பார்க் விழும் நேரம் பிந்தினாலோ, இருட்டில் அந்தக் குழாய்கள் செக்கச்செவேலென்று கனன்று நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இடநெருக்கடி இதைவிடப் பெரிய வில்லங்கம். மேனிஃபோல்டை வடிவமைத்தவர்கள் பிளக் எங்கே இருக்கிறது, ஸ்பேனர் எப்படி நுழையும், ஒயர் எந்த வழியாக வரும் என்று சேர்த்து யோசித்தே வடிவமைத்திருப்பார்கள். ஹெடர் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. சேஸிஸ் சட்டம், ஸ்டீயரிங் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு நான்கு குழாய்களையும் அவர் கீழே கொண்டுபோக வேண்டும். குழாய்கள் வளைந்து திரும்பும் இடம் பெரும்பாலும் பிளக்குகளுக்கு நேர் எதிரேதான் அமைகிறது. எட்டுப் பிளக்கில் ஆறேழு வசதியாக இருக்கும். மீதி ஒன்றிரண்டு பிளக்குக்கும் குழாய்க்கும் நடுவே விரல்கூட நுழையாது. ஒயர் செட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஒன்றிரண்டு பிளக்கை மனதில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சூடு உச்சத்துக்குப் போகும் நேரமும் பலர் நினைப்பதுபோல் வண்டி ஓடும் நேரம் அல்ல. ஓடும்போது ரேடியேட்டர் விசிறியும் எதிர்க்காற்றும் பானட்டுக்குள் வீசிக்கொண்டே இருக்கும். மலையேறி முடித்து வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்ததும் காற்று நின்றுபோகிறது. குழாயில் தேங்கிய சூடு முழுவதும் போக்கிடம் இல்லாமல் பக்கத்தில் இருக்கும் ரப்பரின்மேல் இறங்குகிறது. கேப் கருகுவதில் பெரும்பங்கு இந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு உண்டு.

ஒயர் செய்யும் வேலை பார்க்க எளியது. காயிலில் உண்டாகும் உயர் மின்னழுத்தத்தை வழியில் எங்கும் சிந்தாமல் பிளக்கின் முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிளக் இடைவெளியின் அகலத்தையும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தையும் பொறுத்து இதற்குப் பத்தாயிரம் வோல்ட்டிலிருந்து முப்பதாயிரம் வோல்ட் வரை, சில நேரம் அதற்கு மேலும், தேவைப்படும். அவ்வளவு வோல்ட்டும் எப்போதும் எளிய வழியைத் தேடிக்கொண்டிருக்கும். கேப்பில் மயிரிழை அளவு விரிசல் விட்டால் போதும். அழுத்தம் நிறைந்த சிலிண்டருக்குள் பொறி தாவுவதைவிட, விரிசல் வழியாகப் பக்கத்து ஹெடர் குழாய்க்குத் தாவுவது எளிது. அப்படித் தாவினால் அந்தச் சிலிண்டரில் எரிப்பு நிகழாது. இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும்.

அறிகுறிகளைப் படித்தறிய ஓர் ஒழுங்கு உண்டு. ஐடிலில் நன்றாக ஓடும் இன்ஜின், சுமை ஏறும்போது மட்டும் திணறினால் முதல் சந்தேகம் ஒயர்மேல் விழ வேண்டும். சுமையில்தான் சிலிண்டர் அழுத்தம் கூடிப் பிளக்குக்கு அதிக வோல்ட் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் பிக்கப் டிரக்குகளிலும் ஓ.பி.டி-2 என்னும் கண்காணிப்பு முறை கட்டாயமானது. எந்தச் சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகிறது என்பதை அது எண்ணாகவே சொல்லிவிடும். பி0307 என்று வந்தால் ஏழாம் சிலிண்டர். பி0300 என்று வந்தால் எது என்று நிலையாகச் சொல்ல முடியாதபடி பல சிலிண்டர்களில் மாறி மாறி நிகழ்கிறது என்று பொருள். டாஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டிக்கொண்டே போவது தவறு. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை உள்ளிருந்தே உருக்கிவிடும். கருகிய ஓர் ஒயரை அலட்சியம் செய்தால் செலவு அதன் விலையைப்போல் பல மடங்காகும்.

கருவி இல்லாதவர்களுக்குப் பழைய முறை ஒன்று உண்டு. இருட்டில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, தெளிப்பானால் ஒயர்களின்மேல் பனிபோல் மெல்லிய நீர்த்திவலை தெளிக்க வேண்டும். ஒயர் பழுதாகியிருந்தால் அந்த இடத்தில் நீலப்பொறி ஓடுவது தெரியும்; டிக் டிக் என்ற ஓசையும் கேட்கும். ஓடும் இன்ஜினில் கை, உடை, தலைமுடி எதுவும் ஒயருக்கோ விசிறி பெல்ட்டுக்கோ அருகில் போகக் கூடாது.

இனி தேர்வு. கேப்பில் பார்க்க வேண்டியவை கோணமும் பொருளும். கோணத்தில் நேர், 45, 90, 135 டிகிரி என்ற நான்கும் பரவலாகக் கிடைக்கின்றன. நேர் கேப் பிளக்கின் திசையிலேயே வெளியே நீளும். எதிரே குழாய் இருந்தால் நேராக அதில் போய் முட்டும். 90 டிகிரி கேப் பிளக்கின் தலையிலேயே மடங்கி, ஒயரைப் பக்கவாட்டிலோ மேலேயோ கொண்டுபோகும். குழாய் பிளக்குக்கு நேர் எதிரே போகும் இடத்தில் பெரும்பாலும் இதுதான் கைகொடுக்கும். 135 டிகிரி இவை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒயரைச் சற்றே சாய்த்து வால்வு மூடியின் பக்கம் தூக்கிவிட உதவும். எட்டுப் பிளக்குக்கும் ஒரே கோணம் பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரே செட்டில் ஐந்து கேப் 135-லும் மூன்று கேப் 90-லும் இருப்பதே பல ஹெடர்களுக்குச் சரியாக வரும். விரும்பிய கோணத்துக்கு வளைத்துக்கொள்ளக்கூடிய முனையுள்ள கேப்புகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை மாட்டும்போது ஒருமுறை வளைத்துவிட்டு விட்டுவிட வேண்டும்; திரும்பத் திரும்ப வளைத்தால் உள்ளிருக்கும் உலோக முனை தளர்ந்துபோகும்.

கோணத்தை முடிவு செய்ய அட்டவணையை நம்புவதைவிட நேரில் அளப்பதே நல்லது. ஹெடரை முழுவதும் பொருத்தி, போல்ட்டுகளை இறுக்கி, பிளக்குகளையும் மாட்டிய பிறகு ஒவ்வொரு பிளக்கின் எதிரிலும் பக்கத்திலும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய கேப் ஒன்றை வெறுமனே செருகிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் ஹெடருடன் சேர்த்தே ஒயர் செட்டையும் வாங்கிவிட்டு, பிறகு மாற்றிக் கேட்டு அலைபவர்கள் அதிகம்.

கேப்பின் பொருள் என்று வந்தால் சிலிக்கான் ரப்பருக்குக் குறைந்த எதையும் ஹெடர் வண்டியில் மாட்டக் கூடாது. விலை குறைந்த ஒயர்களில் வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் 150 டிகிரியைத் தாண்டிய சூட்டில் நாளடைவில் கெட்டிப்பட்டு வெடித்துவிடும். நல்ல சிலிக்கான் 200 டிகிரிக்கு மேலான சூட்டையும் தொடர்ந்து தாங்கும். ஆனால் சிலிக்கானுக்கும் ஓர் எல்லை உண்டு. கொதிக்கும் குழாயைத் தொட்டுக்கொண்டே இருந்தால் எந்தச் சிலிக்கானும் வெண்மையாகப் பூத்து, சுண்ணாம்புபோல் உதிர்ந்துவிடும். தொடாமல் வைக்கவே முடியாத இடத்துக்கென்றே பீங்கான் கேப் வருகிறது. ஆக்செல் நிறுவனம் தன் பீங்கான் கேப் 2000 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 1090 டிகிரி செல்சியஸுக்கும் சற்று மேலான சூடு தாங்கும் என்று சொல்லி விற்கிறது. குழாய் தொடும் தூரத்தில் இருக்கும் பிளக்குக்கு இதைவிட நம்பகமான தீர்வு இல்லை. இதன் குறைகளும் வெளிப்படையானவை. பீங்கான் வளையாது, கோணம் சரியாக அமையாவிட்டால் மாட்டவே முடியாது. ஸ்பேனர் நழுவி அடித்தாலோ, கழற்றும்போது சாய்த்து நெம்பினாலோ விரிசல் விடும். விலையும் அதிகம். எட்டு ஒயரையும் பீங்கானில் வாங்கத் தேவையில்லாத வண்டிகளே அதிகம். நெருக்கடியான ஒன்றிரண்டு பிளக்குக்கு மட்டும் வாங்கினால் போதும்.

கேப்புக்கு அடுத்தது வழி. வி8 இன்ஜினில் ஒயர்கள் போக இரண்டு பாதைகள் உண்டு. வால்வு மூடியின் மேலாக வந்து பிளக்குக்கு இறங்குவது ஒன்று. இன்ஜினின் பின்பக்கமாகக் கீழே இறங்கி, குழாய்களுக்கு அடியிலிருந்து மேலேறிப் பிளக்கை அடைவது மற்றொன்று. கீழ்ப்பாதை பார்வைக்கு அழகாக இருக்கும். ஒயரே கண்ணில் படாது. பந்தயக் கார்களில் அதற்கெனச் செய்த உலோகத் தாங்கிகளோடு அதைப் பயன்படுத்துவதும் உண்டு. மண்ணும் சேறும் தண்ணீரும் படுகிற வேலை வண்டிக்கு மேல்பாதையே பொருத்தம். சூடு மேலே ஏறும் என்பது உண்மைதான். ஆனால் மேலே இருக்கும் ஒயரைத் தாங்கியில் கட்டி நிறுத்தலாம், கண்ணால் பார்த்துச் சோதிக்கலாம். ஒன்று கெட்டால் வண்டிக்கு அடியில் படுக்காமலேயே மாற்றலாம். ஒயர் செட் வாங்கும்போது எந்தப் பாதைக்கான நீளம் என்று கேட்டே வாங்க வேண்டும். பாதை மாறினால் நீளம் மாறும். நீளம் மாறினால் தொங்கும் ஒயர் குழாய்மேல் போய் உட்காரும்.

ஒயருக்கும் குழாய்க்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலம் இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் வைத்துக்கொள்ளும் கணக்கு. எரியும் விறகடுப்புக்கு முன்னால் நீட்டிய கையைக் கொஞ்சம் பின்னால் இழுத்ததும் சூடு சட்டென்று தணிவதுபோல, வீசும் சூடு தூரத்தோடு வேகமாகக் குறைகிறது. அந்த ஓர் அங்குலத்தையும் இன்ஜின் ஓடும்போது நகர்வதைக் கணக்கில் வைத்தே அளக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் இன்ஜின் தன் ரப்பர் மவுன்ட்டுகளின்மேல் ஒரு பக்கமாகச் சாயும். பழைய மவுன்ட் என்றால் சாய்வு இன்னும் கூடும். ஹெடர் இன்ஜினோடு சேர்ந்து நகரும். ஒயரைச் சேஸிஸிலோ ஃபயர்வாலிலோ கட்டியிருந்தால் அது நகராது. நின்றபோது இருந்த இடைவெளி ஓட்டும்போது இல்லாமல் போவது இப்படித்தான். அதனால் ஒயர்த் தாங்கிகளை இன்ஜினில்தான், பெரும்பாலும் வால்வு மூடியின் போல்ட்டுகளில்தான், பொருத்த வேண்டும்.

வழியைப் பற்றிப் பேசும்போது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஷெவர்லேயின் ஸ்மால்-பிளாக் வி8 1955-இல் வந்தது. அதன் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் ஓட்டுநர் பக்கத்தவை. இந்த வரிசையில் 5-க்கு அடுத்து உடனே 7 வருகிறது. இரண்டும் ஒரே பக்கத்தில், பின்கோடியில், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. இவற்றின் ஒயர்கள் ஒட்டிக்கொண்டு நெடுந்தூரம் இணையாக ஓடினால், ஐந்தாம் ஒயரில் பாயும் துடிப்பு ஏழாம் ஒயரிலும் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அந்த நொடியில் ஏழாம் சிலிண்டர் தன் உச்சத்துக்கு 90 டிகிரி முன்னால், கலவையை அழுத்தும் பாதி வழியில் இருக்கிறது. உள்ளே அழுத்தம் இன்னும் அதிகமில்லாததால் சிறு மின்னழுத்தமே பொறியை உண்டாக்கப் போதும். ஏறிவரும் பிஸ்டனுக்கு எதிராகத் தீ மூண்டால் இன்ஜினில் நாக்கிங் கேட்கும்; தொடர்ந்தால் பிஸ்டனே உடையலாம். ஃபோர்டின் பழைய 302 வி8-இல் வரிசை 1-5-4-2-6-3-7-8. அங்கே இதே சிக்கல் 7, 8 ஒயர்களுக்கு. தீர்வு எளிது. அந்த இரண்டு ஒயரையும் தாங்கியில் அடுத்தடுத்த பள்ளங்களில் வைக்காமல், நடுவே இன்னொரு ஒயர் வரும்படி பிரித்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஒன்றின் குறுக்கே மற்றொன்று போகும்படி விட வேண்டும். ஹெடர் மாட்டியவர்கள் குழாயிலிருந்து ஒயர்களைத் தள்ளிவைக்கும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவதுண்டு. ஒரு சிக்கலைத் தவிர்க்கப் போய் இன்னொன்றை விலைக்கு வாங்குவது அது.

மின்கடத்தி மூன்று வகை. தொழிற்சாலை ஒயர்களில் பெரும்பாலும் கரி ஏற்றிய நார் இருக்கும். ஓர் அடி நீளத்துக்குச் சில ஆயிரம் ஓம் தடை கொண்டது; அந்தத் தடை வானொலி இரைச்சலை அடக்குவதற்காகவே வைக்கப்பட்டது. மலிவானது, வேலை செய்வது. ஆனால் சூட்டிலும் அடிக்கடி கழற்றி மாட்டுவதிலும் நார் அறுந்து, உள்ளேயே இடைவெளி விழுந்துவிடும். இரண்டாவது சுருள் கம்பி. ஃபெரைட் கலந்த நடுத்தண்டின்மேல் மயிரிழைபோன்ற உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். இதன் தடை அடிக்குச் சில பத்து ஓம்களிலிருந்து சில நூறு ஓம்கள் வரை; எம்.எஸ்.டி. நிறுவனத்தின் 8.5 மி.மீ. ஒயரில் அடிக்கு 50 ஓம் அளவே. இரைச்சலைத் தடையால் அல்லாமல் சுருளின் காந்தப் பண்பால் அடக்குவதே இதன் தனித்தன்மை. ஹெடர் வண்டிக்கு ஏற்றது இந்தச் சுருள் வகை. சூட்டுக்கும் அதிர்வுக்கும் கரி நாரைவிட அதிக நாள் நிற்கும். மூன்றாவது வெறும் செம்புக் கம்பி. அது மேக்னெட்டோ பூட்டிய பந்தய இன்ஜின்களுக்கும், பாயின்ட் வைத்த பழைய வண்டிகளுக்கும் உரியது. கணினி உள்ள டிரக்கில் அதை மாட்டினால் அதன் மின்காந்த இரைச்சல் சென்சார்களைக் குழப்பும். இக்னிஷன் பெட்டியே பழுதாகலாம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

குறைந்த தடை என்றால் அதிக சக்தி என்று விளம்பரங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பொறி தாவும்வரை ஒயரில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் தடையால் இழக்கும் வோல்ட்டும் சொற்பமே. அதோடு இன்றைய பிளக்குகளுக்குள்ளேயே சுமார் 5000 ஓம் தடை வைக்கப்பட்டிருக்கிறது. ஒயரில் 50 ஓமா 500 ஓமா என்பது சாதாரண டிரக்கில் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. சுருள் கம்பியை அதன் ஆயுளுக்காக வாங்கலாம். குதிரைத்திறனை எதிர்பார்த்து வாங்க வேண்டியதில்லை.

தடிமன் விஷயமும் இப்படித்தான். 1970-களின் நடுவரை 7 மி.மீ. ஒயரே வழக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் 1974-இல் சில மாடல்களிலும் 1975 முதல் பரவலாகவும் எச்.இ.ஐ. என்னும் உயர் ஆற்றல் இக்னிஷனைக் கொண்டுவந்தபோது வோல்ட் கூடியதால் 8 மி.மீ. ஒயர் வந்தது. அந்த மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. இன்று கடைகளில் 8.5, 10 மி.மீ. எல்லாம் கிடைக்கின்றன. தடித்த ஒயரின் நடுவே ஓடும் கம்பி மெல்லிய ஒயரில் இருப்பதைப் போன்றதே. கூடுவது வெளியுறை மட்டும். 8 அல்லது 8.5 மி.மீ. நல்ல சிலிக்கான் ஒயர் சாலையில் ஓடும் எந்த டிரக்குக்கும் போதும். 10 மி.மீ. ஒயர் தொழிற்சாலைத் தாங்கிகளில் நுழையாது, வளைக்கவும் சிரமம். குழாய்க்கும் பிளக்குக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச இடத்தையும் அதுவே அடைத்துக்கொள்ளும். ஹெடர் வண்டியில் தடிமன் சில சமயம் பாதகமாகவே முடிகிறது.

அளவெடுத்துச் செய்த செட், வெட்டிப் பொருத்தும் செட் என்று இரண்டு விதமாக ஒயர் விற்கிறது. முதலாவது குறிப்பிட்ட இன்ஜினுக்கும் தொழிற்சாலை மேனிஃபோல்டுக்கும் கணக்கிட்ட நீளம். ஹெடரோடு அது பொருந்தினால் அதிர்ஷ்டம். இரண்டாவதில் பிளக்குக்கு எதிர்ப்பக்கம் மட்டும் முனை திறந்திருக்கும். வேண்டிய நீளத்துக்கு வெட்டி முனையை நாமே பொருத்திக்கொள்ள வேண்டும். நீண்ட குழாய்கள் கொண்ட லாங்-டியூப் ஹெடர் மாட்டிய வண்டிக்கு வெட்டிப் பொருத்துவதே சிறந்தது, கையில் சரியான கிரிம்ப் இடுக்கி இருந்தால். வேலையின் நுணுக்கம் உறையை உரிக்கும் இடத்தில் இருக்கிறது. முனையிலிருந்து அரை அங்குலம் அளவுக்கு ரப்பரை மட்டும் வட்டமாகக் கீறி உருவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி அறுந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. மாட்டி ஓட்டும்போது அந்த அறுபட்ட இடத்தில் பொறி தாவித் தாவி முனை எரிந்துபோகும். உரித்த நடுத்தண்டை ஒயரின் வெளிப்பக்கமாக மடித்து, அதன்மேல் உலோக முனை படியும்படி வைத்து அழுத்த வேண்டும். அந்த முனைக்கான கேப்பை அதற்கு முன்பே, சிலிக்கான் கிரீஸ் தடவி, ஒயரில் ஏற்றிவிட வேண்டும். முடித்தபின் இரண்டு முனைகளிலும் மல்ட்டிமீட்டரை வைத்துத் தடையைப் பார்த்து, நீளத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று எட்டையும் ஒப்பிட்டால் கைப்பிழை அப்போதே தெரிந்துவிடும்.

சிலிக்கான் கேப்பின்மேல் மாட்ட கண்ணாடி நாரிலோ எரிமலைப் பாறை நாரிலோ பின்னிய உறைகள் கிடைக்கின்றன. இவை வீசும் சூட்டைத் தாமதப்படுத்தும். நிறுத்திய வண்டியின் அந்தப் பத்து நிமிடங்களைக் கடக்க நன்றாக உதவும். குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் கேப்பைக் காப்பாற்றுவது இவற்றின் வேலை அல்ல. எண்ணெய் ஊறிய உறையை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. ஹெடரையே துணிநாடாபோன்ற காப்புப் பட்டையால் சுற்றிவிடுவது இன்னொரு வழி. சூடு அடங்கும் என்பது உண்மை. ஆனால் பட்டைக்குள் ஈரம் தேங்கி மெல்லிய குழாய் துருப்பிடித்து ஓட்டையாகும்; பட்டை சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் ஹெடர் நிறுவனங்களும் உண்டு. காசு செலவழிக்கத் தயாரானால் உள்ளும் புறமும் பீங்கான் பூச்சு பூசிய ஹெடரை வாங்குவதே மேல். ஒயர், கேப், ஸ்டார்ட்டர், பிரேக் பைப் எல்லாவற்றுக்கும் அது நன்மை. உடல் குட்டையான பிளக்குகளும் சில இன்ஜின்களுக்குக் கிடைக்கின்றன. பிளக் சில மில்லிமீட்டர் குட்டையானாலே கேப் குழாயைவிட்டு விலகிவிடும் இடங்கள் உண்டு. சூட்டு எண்ணும் மரை அளவும் தொழிற்சாலைப் பிளக்கோடு ஒத்திருந்தால் மட்டுமே அதை வாங்கலாம்.

ஜெனரல் மோட்டார்ஸின் சில்வராடோ டிரக்கில் 1999 மாடல் முதல் வரும் வி8 இன்ஜின்களில், மின்சாரத்தை ஒவ்வொரு ஒயருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. எட்டுக் காயில்கள் வால்வு மூடியின்மேல் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அடிக்கும் குறைவான குட்டை ஒயர் பிளக்குக்கு இறங்கும். அங்கே ஒயர்கள் இணையாக ஓடும் சிக்கல் ஏறக்குறைய இல்லை. தேர்வு முழுவதும் கேப்பைப் பற்றியதாகிவிடுகிறது. தொழிற்சாலை ஒயரில் கேப்பைச் சுற்றி ஓர் உலோகக் கவசம் வரும். ஹெடர் குழாயில் அது இடிக்காவிட்டால் கழற்றவே கூடாது; இடித்தால் கவசத்தை நசுக்கித் திணிக்காமல், உறை போட்ட சிலிக்கானுக்கோ பீங்கானுக்கோ மாற வேண்டும். காயில் பிளக்கின் தலைமேலேயே உட்காரும் இன்றைய பல இன்ஜின்களில் ஒயரும் இல்லை, இந்தத் தலைவலியும் இல்லை.

மாட்டும் வேலை குளிர்ந்த இன்ஜினில்தான். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றிய இடத்திலேயே புதியதை மாட்டிக்கொண்டு போனால் வரிசை குழம்பாது. கேப்பைப் பிடித்துச் சற்றே திருகி இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே முனை கழன்றுவிடும். கேப்பின் உட்புறம் மெல்லிய பூச்சாக மின்காப்புக் கிரீஸ் தடவினால் தண்ணீர் நுழையாது, அடுத்த முறை கழற்றும்போது கேப் பிளக்கோடு ஒட்டிக்கொண்டு கிழியாது. செருகும்போது டிக் என்று உலோகம் பிடிப்பது கையில் தெரிய வேண்டும். ஹெடர் நெருக்கத்தில் பாதி செருகிய கேப்பை முழுவதும் செருகியதாக நினைத்துவிடுவது எளிது. பழைய ஒயர் கசிந்து கெட்டிருந்தால் பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பொறி ஓடிய தடம் பிளக்கின் வெண்பீங்கான்மேல் பென்சில் கோடுபோல் கரியாகப் படிந்திருக்கும். அந்தக் கோடு மின்சாரத்துக்கு வழி. புது ஒயர் மாட்டினாலும் பொறி பழைய வழியிலேயே போய்ப் புதுக் கேப்பையும் துளைத்துவிடும்.

ஹெடர் மாட்டுவதற்குச் சட்டமும் குறுக்கே வரும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் ஹெடருக்கே மாநிலக் காற்று வாரியத்தின் ஒப்புதல் எண் இருக்க வேண்டும். அப்படி ஒப்புதல் பெற்றவை பெரும்பாலும் தொழிற்சாலை மேனிஃபோல்டின் இடத்திலேயே உட்காரும் ஷார்ட்டி ஹெடர்கள்; அவற்றில் பிளக்குகளைச் சுற்றி ஓரளவு இடமும் மிஞ்சும், சாதாரண 135 டிகிரி சிலிக்கான் கேப்பே பெரும்பாலும் போதும்.

புது ஒயரோடு முதல்முறை நன்றாகச் சூடேற ஓட்டி, முழுவதும் ஆறவிட்டபின் பானட்டைத் திறந்து எட்டுக் கேப்பையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பளபளப்பு மங்கியோ வெளுத்தோ ஒரு புள்ளி தெரிந்தால் அந்த இடம் குழாயைத் தொடுகிறது அல்லது தொடும் அளவுக்கு நெருங்குகிறது. தாங்கியை நகர்த்தியோ கோணத்தை மாற்றியோ அதைச் சரிசெய்துவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெடர் போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கும்போது இன்னொரு முறை பார்க்க வேண்டும். போல்ட் இறுகும்போது குழாய் சற்றே நகர்வதால் இடைவெளியும் மாறியிருக்கும்.